வயிற்றுப் பூச்சியின் வெளியூர்ப் பயணம்

"வயிற்றில் பூச்சி" என்று சொல்லிவிட்டால் போதும், தமிழில் வேலை முடிந்தது. கண்ணுக்கே தெரியாத ஒற்றைச் செல் உயிரியும் பூச்சிதான், பல மீட்டர் நீளத்துக்கு வளரும் நாடாப்புழுவும் பூச்சிதான். மருந்து என்றால் பூச்சி மாத்திரை. தடுப்பு என்றால் கையைக் கழுவு, தண்ணீரைக் காய்ச்சு. இந்த அறிவுரையில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு சில விஷயங்களுக்குப் பதில் சொல்ல முடியாது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரைக் குடித்து ஒரே நகரத்தில் நான்கு லட்சம் பேருக்கு எப்படி வயிற்றுப்போக்கு வந்தது? பன்றி இறைச்சியை வாழ்நாளில் தொடாதவரின் மூளைக்குள் பன்றி நாடாப்புழுவின் இளம்புழு எப்படிப் போனது? பூச்சி மாத்திரை போட்ட பிறகும் சிலருக்கு ஏன் வயிற்று உப்புசம் அப்படியே இருக்கிறது?

குடலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பதைவிட, குடலுக்கு வெளியே இந்த ஒட்டுண்ணிகள் என்ன செய்கின்றன என்று பார்த்தால் இதெல்லாம் சீக்கிரம் விளங்கும்.

உள்ளே இருக்கும்வரை ஒட்டுண்ணிக்குச் சொகுசு வாழ்க்கை. வெதுவெதுப்பு, இருட்டு, வேளா வேளைக்குச் சாப்பாடு. அதே உயிரியை வெளியே எடுத்துப் போட்டால் பெரும்பாலும் சீக்கிரமே செத்துவிடும். ஆகவே ஓர் உடம்பை விட்டு இன்னோர் உடம்புக்குப் போக வேண்டுமானால் அது வேறு வேடம் போட்டாக வேண்டும். புழுக்கள் கெட்டியான ஓடு போட்ட முட்டையாக வெளியேறும். ஒற்றைச் செல் உயிரிகள் தங்களைச் சுற்றி ஓர் உறையைக் கட்டிக்கொண்டு, உணவு இல்லாமல், கிட்டத்தட்ட உறங்கும் நிலையில் வெளியேறும். இதைச் சிஸ்ட் என்பார்கள். தண்ணீரிலும் காய்கறியிலும் விரல் நகத்திலும் ஒட்டிக்கொண்டு நம் வாய்க்கு வந்து சேருவது பெரும்பாலும் இந்தப் பயண வேடம்தான். ஒவ்வொரு பூச்சியின் வேடமும் வேறு வேறு. ஒன்று குளோரினுக்கு அஞ்சாது, ஒன்று இரண்டு வாரம் மண்ணில் கிடந்தால்தான் தொற்றவே ஆரம்பிக்கும், ஒன்று மீனின் சதைக்குள் ஒளிந்து வரும்.

பத்து சிஸ்ட் போதும்

1681இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் ஆன்டனி வான் லேவன்ஹூக் தனக்கு வயிறு சரியில்லாத நாளில் தன் மலத்தையே எடுத்துத் தான் செய்த நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். துணி வியாபாரி, முறையான அறிவியல் படிப்பு கிடையாது, ஆனால் எதையும் லென்ஸுக்கு அடியில் வைக்காமல் விடமாட்டார். உள்ளே சின்னச் சின்ன உயிர்கள் அழகாக நீந்திக்கொண்டிருந்தன. அவர் எழுதி வைத்த வர்ணனையை வைத்து அது ஜியார்டியா என்று இன்றைக்குச் சொல்கிறார்கள். மனிதக் குடலில் வாழும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணியை முதலில் பார்த்த மனிதர், நோயாளியும் தானே, ஆராய்ச்சியாளரும் தானே.

ஜியார்டியாவின் வயிற்றுப்புறத்தில் உறிஞ்சிப் பிடிக்கும் தட்டு ஒன்று உண்டு. அதை வைத்துச் சிறுகுடலின் மேல்பகுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சுவரைத் துளைக்காது, ரத்தத்தில் கலக்காது. ஆனால் குடல் கொழுப்பை உறிஞ்சுகிற வேலை கெட்டுப்போகும். அதனால்தான் இந்த நோயின் வயிற்றுப்போக்கில் ரத்தம் இருக்காது. மலம் எண்ணெய்ப் பசையோடு, தாங்க முடியாத நாற்றத்தோடு, தண்ணீரில் மிதக்கும். ஏப்பம், உப்புசம், உடம்பு இளைப்பு. தொற்றி ஓரிரு வாரம் கழித்துத்தான் இதெல்லாம் ஆரம்பிக்கும் என்பதால் "நேற்று எங்கே சாப்பிட்டோம்" என்று யோசிப்பதில் பிரயோசனம் இல்லை. தேட வேண்டியது இரண்டு வாரத்துக்கு முந்தைய தண்ணீரை.

1950களில் தன்னார்வலர்களை வைத்துச் செய்த சோதனையில், பத்து சிஸ்ட் உள்ளே போனாலே தொற்றிக்கொள்ளும் என்று தெரிந்தது. நோயாளி ஒருவர் ஒரு நாளில் கோடிக்கணக்கில் வெளியேற்றுவார். குளிர்ந்த நீரில் அவை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பார்ப்பதற்குக் கண்ணாடி மாதிரி தெளிந்திருக்கும் மலை ஓடையிலும் இருக்கும். தண்ணீரின் தெளிவை நம்பிக் குடிக்கிறவர்களைத்தான் ஜியார்டியா அதிகம் ஏமாற்றுகிறது.

நோய் போன பிறகும் சங்கடம் போகாது என்பதை 2004இல் நார்வேயின் பெர்கன் நகரம் காட்டியது. அங்கே ஓர் ஏரியின் நீரை வடிகட்டாமல் குளோரின் மட்டும் போட்டுக் குழாயில் விட்டுக்கொண்டிருந்தார்கள். கசிந்த கழிவுநீர் அந்த ஏரியில் கலந்தது. ஆய்வகத்தில் உறுதியானவர்களே ஆயிரத்துக்கும் மேல். மூன்று வருடம் கழித்து அவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்டபோது 46 சதவீதம் பேருக்கு எரிச்சல் குடல் நோய்க்கான அறிகுறிகள் இருந்தன. தொற்றாதவர்களிடம் அது 14 சதவீதம். சோர்வும் அதே கதைதான். ஒட்டுண்ணி எப்போதோ போய்விட்டது, அது கலைத்துவிட்டுப் போன குடல் மட்டும் பழைய நிலைக்கு வரவில்லை. "பரிசோதனையில் ஒன்றும் இல்லை, எல்லாம் மனசுதான்" என்று இப்படிப்பட்டவர்களைத் திருப்பி அனுப்புவது நியாயமே இல்லை.

குளோரினைக் கண்டு சிரிக்கிற ஒன்று

அந்த நான்கு லட்சம் பேர் விஷயத்துக்கு வருவோம். 1993 மார்ச், ஏப்ரல் மாதங்களில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் நடந்தது. குடிநீர் மிச்சிகன் ஏரியிலிருந்து வருகிறது. இரண்டு சுத்திகரிப்பு நிலையங்கள். தெற்கே இருந்த நிலையத்தில் தண்ணீரின் கலங்கல் திடீரென்று ஏறியது, ஆனாலும் அன்றைக்கு இருந்த விதிகளின் அளவுகோலைத் தாண்டவில்லை. ஊரில் ஏதோ சரியில்லை என்று கண்டுபிடித்தது எந்தக் கருவியும் அல்ல. மருந்துக் கடைகளில் வயிற்றுப்போக்கை நிறுத்தும் மருந்து தீர்ந்துபோனது, பள்ளியில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் வரவில்லை, மருத்துவமனை ஊழியர்களே வேலைக்கு வரவில்லை. அப்புறம்தான் மலத்தை நுண்ணோக்கியில் வைத்தார்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. பின்னால் செய்த கணக்கின்படி பாதிக்கப்பட்டவர்கள் 4,03,000 பேர். உடலின் எதிர்ப்புச் சக்தி நல்லபடியாக இருந்தவர்களுக்கு ஓரிரு வார அவதி. எய்ட்ஸ் நோயாளிகளுக்கு அப்படி இல்லை. அடுத்த இரண்டு வருடத்தில் இந்தத் தொற்றோடு தொடர்புள்ள சாவுகள் ஐம்பதைத் தாண்டின, செத்தவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான்.

முதலில் எல்லோரும் மாட்டுப் பண்ணைகளைக் கை காட்டினார்கள். கன்றுக்குட்டிகளிடம் இந்த ஒட்டுண்ணி அதிகம் என்பதால் அந்தச் சந்தேகம் இயல்பானதே. பிறகு மரபணு வகையைப் பிரித்துப் பார்த்தால், அது மனிதர்களிடையே சுற்றிவரும் வகை. ஏரியில் கலந்தது மனிதக் கழிவு.

இதன் சிஸ்ட் ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். ஆனால் அதன் தோல் தடிமன் அசாத்தியம். சரியான அளவு குளோரின் உள்ள நீச்சல் குளத்தில் ஈ. கோலை என்ற பாக்டீரியா ஒரு நிமிடத்துக்குள் சாகும். மஞ்சள் காமாலை ஏ வகை வைரஸ் கால் மணி நேரம் தாங்கும். ஜியார்டியா முக்கால் மணி நேரம். கிரிப்டோஸ்போரிடியம் பத்து நாளுக்கு மேல். இந்த ஒரு வரிசையைப் பார்த்தாலே, "குளோரின் போட்டாயிற்று, தண்ணீர் சுத்தம்" என்ற பேச்சு எங்கே நிற்கும், எங்கே விழும் என்று தெரிந்துவிடும். கையில் தேய்த்துக்கொள்கிற ஆல்கஹால் திரவமும் இதை ஒன்றும் செய்யாது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால் சிஸ்ட் சாகாது, ஆனால் வழுக்கிப் போகும். அது போதும்.

அப்படியானால் எதற்குத்தான் அது பயப்படும்? சூட்டுக்கு. தண்ணீர் தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் ஆனால் எல்லாச் சிஸ்ட்டும் முட்டையும் காலி. 2,000 மீட்டருக்கு மேல் உள்ள மலைப்பகுதி என்றால் மூன்று நிமிடம், ஏனென்றால் அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். பதினைந்து இருபது நிமிடம் காய்ச்ச வேண்டும் என்று சொல்வதெல்லாம் எரிபொருளுக்குக் கேடு. அடுத்தது புற ஊதா விளக்கு, அதற்கும் இது மசியும். வடிகட்டி என்றால் துளை ஒரு மைக்ரான் அல்லது அதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். வாடையும் நிறமும் போக்குகிற கரி வடிகட்டியை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

இதை ஏதோ எய்ட்ஸ் நோயாளிகளின் பிரச்சினை என்று ரொம்ப நாள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலுமாக ஏழு இடங்களில் குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்கை ஆராய்ந்து 2013இல் வெளியான பெரிய ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் ரோட்டாவைரஸுக்கு அடுத்த இடத்தில் இருந்தது கிரிப்டோஸ்போரிடியம். இதற்கென்று உள்ள மருந்து நிடசோக்சனைடு. சத்துக் குறைவான குழந்தைகளுக்கும் எதிர்ப்புச் சக்தி இழந்தவர்களுக்கும்தான் அது அதிகம் தேவை, அவர்களிடம்தான் அது சரியாக வேலை செய்வதும் இல்லை.

இரட்டையர் குழப்பம்

சீதபேதி என்று தமிழில் வழங்குவதில் ஒரு பங்கு எண்டமீபா ஹிஸ்டோலிட்டிகா என்ற அமீபாவின் வேலை. ஜியார்டியா மாதிரி சுவரில் ஒட்டிக்கொண்டு சும்மா இருக்காது இது. குடல் சுவரின் செல்களை உயிரோடு கடித்துக் கடித்துத் தின்னும் என்பதை 2014இல் தான் கண்டுபிடித்தார்கள். கொன்றுவிட்டு விழுங்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். சுவரைத் துளைத்து ரத்தத்தில் இறங்கினால் கல்லீரலுக்குப் போய்ச் சீழ்க்கட்டி கட்டும். அந்தச் சமயத்தில் வயிற்றுப்போக்கே இல்லாமல்கூட இருக்கலாம். காய்ச்சலும் வலது விலாவுக்குக் கீழே வலியும்தான் தெரியும்.

1933இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தது. வந்தவர்கள் தங்கிய இரண்டு ஓட்டல்களில் குழாய் இணைப்புகள் கோளாறு, கழிவுநீர் குடிநீரில் கலந்தது. சுமார் 1,400 பேருக்கு நோய், 98 பேர் சாவு. இதில் கொடுமை என்னவென்றால் வெளியூரிலிருந்து வந்த பலர் சிகாகோவில் படுக்கவில்லை. வாரங்கள் கழித்து அவரவர் ஊரில் படுத்தார்கள். ஊர் மருத்துவர்களுக்கு அமீபா ஞாபகத்துக்கே வரவில்லை. குடல்வால் அழற்சி என்று நினைத்து அறுவை செய்யப்பட்டவர்களும் உண்டு. புண்பட்ட குடலில் கத்தி வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தவறு எதிர்ப்பக்கத்திலும் நடக்கும். எண்டமீபா டிஸ்பார் என்று ஒரு சாது உண்டு. நுண்ணோக்கியில் பார்த்தால் அச்சு அசல் அதே சிஸ்ட், ஆனால் ஒருவருக்கும் கெடுதல் செய்யாது. இரண்டும் வேறு வேறு இனம் என்று முறையாகப் பிரித்ததே 1993இல் தான். அதற்கு முந்தைய "அமீபா இருக்கிறது" அறிக்கைகளில் பெரும்பங்கு இந்தச் சாதுவாக இருந்திருக்கும். இன்றும் நுண்ணோக்கி அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு மெட்ரோனிடசோல் என்ற அமீபா மருந்தை எழுதித் தருவது நடக்கிறது. ஆன்டிஜென் சோதனையோ பி.சி.ஆர். சோதனையோ செய்தால் எது என்று பிரித்துவிடலாம்.

மெட்ரோனிடசோலைப் பற்றி இன்னொன்று. பலருக்கும் இது கைமருந்து மாதிரி ஆகிவிட்டது. வயிறு இரண்டு தரம் இளகினால் உடனே ஒன்று. உண்மையான அமீபா நோய்க்கு அது மட்டும் போதாது. திசுக்குள் இருக்கும் அமீபாவை அது அழிக்கும், குடலின் உள்ளிடத்தில் கிடக்கும் சிஸ்ட்டை விட்டுவிடும். பாரோமோமைசின் அல்லது டிலாக்சனைடு ஃபியூரோயேட் என்று இரண்டாவது மருந்து தொடர வேண்டும். வலி நின்றதும் பாதியில் நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் விடுவது இந்த இரண்டாவதைத்தான். அப்புறம் அவர் நலமாக நடமாடுவார், சிஸ்ட்டும் அவரோடு நடமாடும்.

வெளியே காத்திருக்கும் நாட்கள்

இதுவரை சொன்ன மூன்றும் வெளியேறிய அன்றைக்கே அடுத்தவரைத் தொற்றும். உருண்டைப்புழு, அதாவது அஸ்காரிஸ், அப்படி அல்ல. பெண் புழு ஒரு நாளைக்கு இரண்டு லட்சம் முட்டை போடும். அந்த முட்டையைப் புதிதாக விழுங்கினால் ஒன்றும் ஆகாது. ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரம் கிடந்து, உள்ளே இளம்புழு முதிர்ந்த பிறகுதான் அது தொற்றும். பிறகு வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும், மேல்தோல் பசை மாதிரி ஒட்டும். ஆகவே இந்தப் புழு நேரடியாக மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதில்லை. மண்ணிலிருந்து பரவுகிறது. திறந்தவெளியில் மலம் கழிப்பதும் பதப்படுத்தாத மலத்தை வயலுக்கு உரமாகப் போடுவதும் நின்றால் இது நிற்கும். நகத்தை வெட்டுவதும் காய்கறியைக் கழுவுவதும் அதற்கு அடுத்த வரிசைக் காவல்தான்.

இனிப்பு அதிகம் தின்றால் பூச்சி வரும் என்று பயமுறுத்தப்படாத குழந்தை அரிது. சர்க்கரையில் முட்டை கிடையாது. கழுவாத கையால் தின்றால் வரும், அது மிட்டாய் ஆனாலும் சரி, மாத்திரை ஆனாலும் சரி. தூக்கத்தில் பல்லைக் கடிப்பதற்கும் பூச்சிக்கும் முடிச்சுப் போடுவதும் அதே ரகம்.

விழுங்கிய முட்டை குடலில் பொரிந்ததும் புழு அங்கேயே தங்கிவிடும் என்றுதான் யாரும் நினைப்போம். அது தங்காது. குடல் சுவரைத் துளைத்துக் கல்லீரல் வழியாக நுரையீரலுக்குப் போய், மூச்சுக்குழாயில் ஏறி, இருமலோடு தொண்டைக்கு வந்து, மறுபடி விழுங்கப்பட்டு, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து சேரும். எதற்கு இந்தச் சுற்று என்று கேட்டால் திருப்தியான பதில் இன்னும் இல்லை. இந்த வழியை மனிதரில் நிரூபித்தவர் ஜப்பானிய மருத்துவர் ஷிமேசு கொய்னோ. 1922 வாக்கில் அவர் இரண்டாயிரம் முட்டைகளைத் தானே விழுங்கினார். நுரையீரல் அழற்சி மாதிரி கடுமையாகப் படுத்தார், சளியில் இளம்புழுக்களை எண்ணினார். தம்பிக்குப் பன்றியின் உருண்டைப்புழு முட்டைகளைக் கொடுத்ததும் அவர்தான். அந்தத் தம்பி என்ன சொன்னாரோ!

சைக்ளோஸ்போரா என்ற ஒற்றைச் செல் உயிரியும் காத்திருக்கும் வகை. அதன் சிஸ்ட் வெளியே ஓரிரு வாரம் முதிர வேண்டும். அதனால் நோயாளியைக் கவனித்துக்கொள்கிறவருக்கு நேரடியாகத் தொற்றாது, ஆனால் பண்ணையிலிருந்து கப்பலேறி வெகுதூரம் போகும் பழத்துக்கு அந்த ஓரிரு வாரம் கணக்காகப் பொருந்தும். 1996இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,465 பேர் இதனால் படுத்தார்கள். முதலில் கலிபோர்னியாவின் ஸ்ட்ராபெர்ரி மேல் பழி விழுந்தது, விவசாயிகளுக்குப் பெரும் நஷ்டம். பிறகுதான் குவாத்தமாலாவிலிருந்து வந்த ராஸ்பெர்ரி என்று தெரிந்தது. அந்தப் பழத்தின் இடுக்கு இடுக்கான மேற்பரப்பைக் கழுவிச் சுத்தம் செய்வது நடக்காத காரியம். இந்த உயிரிக்கு மெட்ரோனிடசோல் பயன்படாது, கோட்ரைமாக்சசோல்தான் கேட்கும். வழக்கமான மலப் பரிசோதனையில் இது சிக்காமல் போகும். தனிச் சாயம் போட்டுப் பார்க்கச் சொல்லி மருத்துவர் எழுத வேண்டும். கிரிப்டோஸ்போரிடியத்துக்கும் அப்படித்தான். சிஸ்ட்கள் தினமும் ஒரே மாதிரி வெளியேறாது என்பதால், வெவ்வேறு நாளில் மூன்று மாதிரி கேட்டால் சலித்துக்கொள்ளாமல் கொடுப்பது நல்லது.

காத்திருக்கவே காத்திருக்காத ஒன்று கீரிப்பூச்சி. பெண் புழு இரவில் ஆசனவாய்க்கு வெளியே வந்து முட்டையிடும், சில மணி நேரத்திலேயே அது தொற்றத் தயார். அரிப்பு, விரல், வாய். மண்ணும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், ஒரு படுக்கை போதும். மலத்தில் தேடினால் கிடைக்காது. காலையில் குளிக்கும் முன் ஒட்டும் டேப்பை வைத்து எடுத்துத்தான் பார்க்க வேண்டும். மாத்திரை முட்டையைக் கொல்லாது என்பதால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு தரம், அதுவும் வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து.

நாடாப்புழுவுக்கு இரண்டு வாசல்

1855இல் ஜெர்மன் மருத்துவர் ஃபிரெடரிக் குய்ஷென்மைஸ்டர், மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒருவருக்குப் பன்றி இறைச்சியில் இருந்த சிறு நீர்க்கொப்புளங்களைச் சூப்பிலும் உணவிலும் கலந்து கொடுத்தார். தண்டனை நிறைவேறிய பின் குடலை அறுத்துப் பார்த்தபோது இளம் நாடாப்புழுக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. கைதியிடம் சொல்லாமல் செய்த சோதனை, அன்றைக்கே கண்டனம் வந்தது. ஆனால் அதிலிருந்து ஒன்று உறுதியானது: சரியாக வேகாத பன்றி இறைச்சியில் உள்ள இளம்புழுவைத் தின்றால் குடலில் நாடாப்புழு வளரும்.

இது முதல் வாசல். இதனால் வருவது பெரிய ஆபத்தில்லை, குடலில் ஒரு நீளமான வாடகைக்காரர் மட்டுமே. இரண்டாவது வாசல்தான் பயங்கரம். அந்தப் புழு உள்ளவரின் மலத்திலிருந்து வரும் முட்டையை விழுங்கினால், நம் உடம்பு பன்றியின் இடத்துக்கு வந்துவிடும். முட்டை பொரிந்து இளம்புழு ரத்தத்தில் ஏறி, தசையிலும் கண்ணிலும் மூளையிலும் போய்க் கொப்புளமாக உட்காரும். மூளையில் உட்கார்ந்தால் வலிப்பு. இந்தப் புழு பரவலாக உள்ள பகுதிகளில் வலிப்பு நோயாளிகளில் சுமார் 30 சதவீதம் பேருக்கு இதுதான் காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2014இல் அந்நிறுவனமும் உணவு, வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து உணவு வழிப் பரவும் 24 ஒட்டுண்ணிகளைத் தரவரிசைப்படுத்தியபோது முதலிடம் பெற்றது இதே பன்றி நாடாப்புழு, அதாவது டீனியா சோலியம்.

பன்றி இறைச்சிக்கும் இந்த மூளை நோய்க்கும் நேரடித் தொடர்பு இல்லை. முட்டை வருவது மனித மலத்திலிருந்து, போவது தண்ணீரிலோ பச்சைக் காயிலோ சமைப்பவர் கையிலோ. 1992இல் வெளியான மருத்துவ அறிக்கை ஒன்று நியூயார்க்கில் வாழும் வைதீக யூதர்கள் சிலருக்கு இந்த நோய் வந்ததைப் பதிவுசெய்தது. பன்றி இறைச்சி அந்த வீடுகளின் வாசலைக்கூட மிதிக்காது. தேடிப் பார்த்ததில், அதே வீடுகளில் வேலை பார்த்த ஒருவரின் குடலில் நாடாப்புழு இருந்தது. அவருக்கே அது தெரியாது, அவரைக் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. சைவ உணவுக்காரர்கள் தங்களுக்கு வராது என்று நினைத்துக்கொள்வது எவ்வளவு தப்பு என்று இதிலிருந்து தெரியும்.

மீன் வழி வருகிறவை தனிக் கதை. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்கிற மீனில் நாடாப்புழுவும் வரும், கடல் மீனில் அனிசாகிஸ் புழுவும் வரும். எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஊறவைத்தால் மீன் வெந்த மாதிரி வெளுக்கும், புழு சாகாது. பச்சையாகத்தான் வேண்டும் என்றால் மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறைய வைத்த மீனாக இருக்க வேண்டும். பல வீட்டு ஃப்ரீசர்கள் அந்தக் குளிரைத் தொடுவதே இல்லை.

மாத்திரை எதுவரை

பூச்சி மாத்திரை என்பது பெரும்பாலும் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம். உருண்டைப்புழுவுக்கு ஒரே வேளையில் நன்றாக வேலை செய்யும், கொக்கிப்புழுவுக்கும் பரவாயில்லை, சாட்டைப்புழுவிடம் அவ்வளவு எடுபடாது. அந்த ஒரு வேளை மாத்திரையை நம்பி ஜியார்டியாவையோ அமீபாவையோ விரட்ட முடியாது, கிரிப்டோஸ்போரிடியத்திடம் அது செல்லவே செல்லாது. மாத்திரை போட்டும் உப்புசம் போகவில்லை என்றால் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். (கொக்கிப்புழு பெரும்பாலும் வெறுங்காலின் தோல் வழியாக நுழைகிறது. உணவில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் செருப்பு இல்லாவிட்டால் அது வரும்.)

உலகத்தில் சுமார் 150 கோடிப் பேருக்கு மண் வழிப் பரவும் புழுக்கள் இருக்கின்றன. குழந்தைகளில் ஐந்தில் ஒருவருக்கு மேல் தொற்று உள்ள இடங்களில் ஆண்டுக்கு ஒரு முறையும், பாதிக்கு மேல் என்றால் இரண்டு முறையும் அங்குள்ள குழந்தைகள் எல்லோருக்கும் மாத்திரை கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கொடுப்பது நல்லதுதான். ஆனால் பல ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் கணக்குப் போட்டபோது, மாத்திரை கொடுத்து ஆறு மாதத்தில் உருண்டைப்புழு பழைய அளவில் 68 சதவீதத்துக்கும், ஒரு வருடத்தில் 94 சதவீதத்துக்கும் திரும்பியிருந்தது. மாத்திரை குடலைத்தான் காலி செய்யும், மண்ணைக் காலி செய்யாது.

மண்ணையும் சேர்த்துக் காலி செய்த நாடு தென் கொரியா. 1971இல் நடந்த முதல் தேசியக் கணக்கெடுப்பில் 84.3 சதவீதம் பேரின் மலத்தில் ஏதோ ஒரு புழுவின் முட்டை இருந்தது. உருண்டைப்புழு மட்டும் 54.9 சதவீதம். அதற்கு முன்பே, 1966இல், ஒட்டுண்ணித் தடுப்புக்கென்று சட்டம் போட்டிருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் வருடத்துக்கு இரண்டு முறை சிறு உறையில் மலத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், முட்டை தெரிந்தால் வகுப்பிலேயே மாத்திரை. (அந்தத் தலைமுறைக்கு இது மறக்காத வெட்கம்.) கூடவே வயலுக்கு மனித மலம் போடுவது நின்று ரசாயன உரம் வந்தது, நகரங்கள் வளர்ந்தன, கழிப்பறையும் குழாய் நீரும் வந்தன. எது எத்தனை பங்கு வேலை செய்தது என்று பிரிப்பது கஷ்டம். உரமும் கழிப்பறையும் மாறாமல் மாத்திரை மட்டும் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது என்பது என் எண்ணம். 2012இல் எடுத்த கணக்கில் மொத்தம் 2.6 சதவீதம். உருண்டைப்புழு 0.025.

அந்த 2.6இல் 1.9 ஒரே புழுவினுடையது. குளோனார்க்கிஸ் என்ற கல்லீரல் தட்டைப்புழு, பித்தநாளத்தில் வருடக்கணக்கில் வாழ்ந்து புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகக் கூடியது. அது மண்ணில் காத்திருப்பதில்லை. நத்தைக்குள் வளர்ந்து, ஆற்று மீனின் சதைக்குள் புகுந்து வருகிறது. நாய், பூனை வயிற்றிலும் வாழும், ஆகவே மனிதருக்குக் கழிப்பறை கட்டினால் மட்டும் அதன் வழி அடைபடாது. பிராசிக்வான்டல் கொடுத்தால் குணமாகும். நாக்டோங் போன்ற ஆறுகளின் கரையோரத்தில் குணமானவர்கள் பலர் மறுபடி அதே ஆற்று மீனைப் பச்சையாகத் தின்று, மறுபடி பரிசோதனைக்கு வந்தார்கள்.